சுப்பீரியர் ஏரிக்குக் கேம்பர் வானில் போகிறீர்களா? சுற்றாதீர்கள், போய்த் திரும்புங்கள்

ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஜூலையில் எங்களுக்குப் பத்து நாள் லீவு. 20 அடி கேம்பர் வான் ஒன்றை வாடகைக்கு எடுத்து, சுப்பீரியர் ஏரியை முழுதாகச் சுற்றி வர நினைக்கிறோம். நான், கணவர், 68 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. கூடாரம் அடித்துத் தங்கிய பழக்கம் உண்டு, வானில் தங்கியதில்லை. எந்த வழி நல்லது, எங்கே தங்கலாம், தண்ணீருக்கும் கரண்டுக்கும் என்ன செய்வது, சோறு கறி சமைக்கலாமா?"

முதலில் அந்த "முழுதாகச் சுற்றி" என்பதை விட்டுவிடுங்கள். ஏரியைச் சுற்றும் பாதை மட்டும் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். ரொறன்ரோவிலிருந்து ஏரியின் கிழக்கு முனையில் இருக்கும் சூ சென்ட் மரிக்குப் (சுருக்கமாக 'சூ') போக 700, திரும்பி வர 700. பத்து நாளில் வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு நாளும் 340 கிலோமீட்டர். வானில் இது தினம் ஐந்து மணி நேரம், ஓய்வு நாள் ஒன்றுகூட இல்லை. பாதிப் பாதை அமெரிக்காவுக்குள் போகிறது. அம்மாவின் விசா, வாடகை வானின் காப்புறுதி, குளிர்ப்பெட்டியில் இருக்கிற இறைச்சியும் பழமும் என்று எல்லைக் கேள்விகள் வேறு. ஏரியைச் சுற்றியவர்கள் பலரிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் நெடுஞ்சாலை 17-ஐத்தான் விவரிப்பார்கள்.

கனடாப் பக்கத்து வடகிழக்குக் கரையை மட்டும் எடுங்கள். சூ சென்ட் மரியிலிருந்து மரத்தன் என்ற சிற்றூர் வரை. அதுவே 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதுதான் இந்த ஏரியின் மிக அழகான துண்டு என்பது என் கருத்து. தண்டர் பேயும் 'தூங்கும் இராட்சதன்' மலையும் இன்னொரு முறைக்கு இருக்கட்டும்.

மாதத்தையும் மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஜூனில் கறுப்பு ஈ கடித்து இரத்தம் வரும், ஜூலையில் நுளம்பு. கோடையின் முதல் பாதியில் குளிர்ந்த நீருக்கு மேல் மூடுபனி எழுந்து கரையை நாள் முழுக்க மறைத்துவிடுவதும் உண்டு. ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டெம்பர் நடுவரை பூச்சி குறைவு. செப்டெம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தினம் கழிந்ததும் முகாம்களிலும் இடம் கிடைக்கும். ஜூலைதான் என்றால் ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களுக்கு ஐந்து மாதம் முன்பே, காலை 7 மணிக்குக் கணினி முன்னால் உட்கார வேண்டும். தவறவிட்டால் தினமும் ஒரு தடவை பாருங்கள்; இரத்தாகும் இடங்கள் வந்துகொண்டே இருக்கும்.

நான் போடும் திட்டம் இப்படி. முதல் நாள் சட்பெரியைத் தாண்டி மாஸியில் உள்ள ஷூட்ஸ் மாகாணப் பூங்கா. ஏறத்தாழ 500 கிலோமீட்டர், பயணத்தின் மிக நீண்ட நாள் இதுதான். அருவி ஒன்று முகாமுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டாம் நாள் சூவில் சாமான் வாங்கிக்கொண்டு, அதற்கு வடக்கே 140 கிலோமீட்டரில் சுப்பீரியர் ஏரி மாகாணப் பூங்காவின் அகவா பே முகாம். அங்கே மூன்று இரவு தங்குங்கள். வானை நிறுத்தினால் முன்னால் மணல், அதற்கு அப்பால் கரை தெரியாத நீர். கடல் என்றே தோன்றும், உப்பு வாசம் மட்டும் இருக்காது.

அகவா பாறை ஓவியங்களைப் பற்றிக் கட்டாயம் கேள்விப்படுவீர்கள். செங்காவியால் இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள் வரைந்தவை. கொம்பும் முதுகு முட்களும் உள்ள நீர்ப்பூனை மிஷிபெஷு அவற்றில் பேர்போனது. பாதை சிறியதுதான், ஆனால் பாறைப் பிளவுகளுக்கு நடுவே செங்குத்தாக இறங்குகிறது. கடைசியில் நீர் விளிம்பில் சரிவான கல் மேடையில் நிற்க வேண்டும். அம்மாவை அழைத்துப் போகாதீர்கள். நீங்களும் ஏரி அமைதியாக இருக்கும் நாளில்தான் போக வேண்டும். அலை அந்த மேடையில் நின்றவர்களை இழுத்துப் போயிருக்கிறது, கயிறும் மிதவை வளையமும் சும்மா அங்கே வைக்கப்படவில்லை. ஆகஸ்டிலும் இந்த நீர் ஆளை விறைக்க வைக்கும். அம்மாவுக்கு நல்ல இடம் வடக்கே உள்ள ஓல்ட் வுமன் பே. வானை விட்டு இறங்கினால் உடனே மணற்கரை. எதிரே ஏறத்தாழ 200 மீற்றர் உயரப் பாறைச் சுவர். அதில் ஒரு கிழவியின் முகம் தெரிகிறது என்பார்கள். எனக்கு மூன்றாவது தடவைதான் தெரிந்தது. ஒரு மடக்கு நாற்காலி, ஒரு பிளேன்ரீ, பாதி நாள் போய்விடும்.

ஐந்தாம் நாள் வாவா வழியாகப் பக்கசோ தேசியப் பூங்காவுக்கு. எழுத்தில் கடைசியில் ஒரு 'க்வா' இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. 'பக்கசோ' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். ஹாட்டி கோவ் முகாமில் இரண்டு இரவு. இது மத்திய அரசின் பூங்கா என்பதால் முன்பதிவுத் தளம் வேறு, திறக்கும் நாளும் வேறு. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அப்புறம் மரத்தனுக்கு மேற்கே நெய்ஸ் பூங்காவில் ஓர் இரவு. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் கைதிகளை வைத்திருந்த முகாம் இருந்த இடம் அது. அங்கிருந்து திரும்பி, வாவாவுக்குத் தெற்கே ராபிட் பிளாங்கெட் ஏரியில் ஒரு நாள், மறுபடி மாஸி, வீடு.

சரி, வானுக்கு வருவோம். இந்த அளவு வானில் ஒரு நாள் எப்போது முடியும் என்பதைத் தீர்மானிப்பது பெற்றோல் அல்ல, தண்ணீர். நல்ல தண்ணீர்த் தாங்கி 75 முதல் 110 லீற்றர்தான் இருக்கும். குடிக்க, சமைக்க, பல் துலக்க மூன்று பேருக்கு நாளுக்கு 15 லீற்றர் வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவ இன்னொரு 15. உள்ளே ஒருவர் குளித்தால் மேலும் 15. அதாவது இரண்டு அல்லது மூன்று நாள். ஆனால் நல்ல தண்ணீர் முடிவதற்கு முன்னே கழிவுத் தாங்கி நிரம்பிவிடும், ஏனென்றால் அது பெரும்பாலும் சின்னது. அரிசி களைந்த தண்ணீர், பருப்பு கழுவிய தண்ணீர், கறிச்சட்டி எண்ணெய் எல்லாம் அதற்குள்தான் போகிறது. எண்ணெய்ச் சட்டியைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்ட பிறகுதான் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் நாலாம் நாள் வானுக்குள் ஒரு நாற்றம் வரும், அது போகாது. குளிப்பதையும் கழிப்பறையையும் முகாமின் பொதுக் கட்டடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது அம்மாவின் இரவு நேர அவசரத்துக்கு மட்டும். முகாமைவிட்டுப் புறப்படும் ஒவ்வொரு தடவையும் கழிவிறக்கும் நிலையத்தில் காலி செய்து, தண்ணீர் நிரப்புங்கள், பாதிதான் நிரம்பியிருக்கிறது என்றாலும். கழிவுநீரைப் பற்றைக்குள் திறந்துவிடுவது சட்டவிரோதம்.

மின்சாரம். மின் இணைப்புள்ள இடத்தை அகவா பேயிலும் ஹாட்டி கோவிலும் முன்பதிவில் தெரிவு செய்யலாம். முதல் பயணத்துக்கு அதையே எடுங்கள். இணைப்பில்லாத இரவில் உங்களிடம் இருப்பது வானின் உள்பாவனைக்கான பற்றரி ஒன்று. 100 ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தாலும், ஈய-அமில வகையில் பாதியைத்தான் பாதுகாப்பாகப் பாவிக்கலாம். வெப்பமூட்டி காஸில் எரிந்தாலும் அதன் விசிறி பற்றரியில்தான் ஓடும். என் முதல் செப்டெம்பர்ப் பயணத்தில் இது தெரியாமல், படம் பார்த்து, நாலு தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றி, விடிய மூன்று மணிக்கு வெப்பமூட்டி நின்றுபோனது. காஸ் நிறைய இருந்தது. வெளியே 4 பாகை. அன்று முதல் ஆளுக்கொரு நல்ல கம்பளி என்னோடு வருகிறது. குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு படுக்கவே கூடாது. காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று வானை வாங்கும்போதே அமத்திப் பாருங்கள்.

சோறு கறி தாராளமாகச் சமைக்கலாம். மின்சார ரைஸ் குக்கரை வீட்டில் விடுங்கள். ஐந்து லீற்றருக்குள் ஒரு பிரஷர் குக்கர் போதும். வான் அடுப்பின் நெருப்பு சின்னது, அதனால் நேரம் பிடிக்கும். தாளிப்பதை உள்ளே செய்யாதீர்கள். படுக்கை குசினியிலிருந்து மூன்று அடியில் இருக்கிறது, கடுகு வெடித்த புகை தலையணையில் பத்து நாளும் இருக்கும். ஒற்றை அடுப்பு ஒன்றை வெளியே மேசையில் வைத்துத் தாளியுங்கள். இன்னும் நல்லது, ஆட்டிறைச்சிக் கறியையும் சம்பலையும் வீட்டிலேயே செய்து கட்டியாக உறைய வைத்து எடுத்துப் போவது. முதல் மூன்று நாள் அதுவே குளிர்ப்பெட்டிக்கு ஐஸ். கறிவேப்பிலை, பச்சைமிளகாய், தேங்காய்ப்பால் எல்லாம் ரொறன்ரோவிலேயே வாங்கிவிடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் சட்டி, மேசைத் துணி, குப்பைப் பை, பாத்திரம் கழுவும் பஞ்சுவரை உள்ளே போக வேண்டும். அது கருங்கரடிகளின் நாடு, நம் மீன்குழம்பு வாசம் நல்ல தூரம் போகும்.

ஓட்டுவதற்கு ஒன்ராறியோவின் சாதாரண ஜி உரிமம் போதும். பொழுது சாய்ந்த பிறகு மட்டும் ஓட்டாதீர்கள். மூஸ் எனும் அந்தப் பெரிய மான் கறுப்பு நிறம். உடல் உங்கள் முன்விளக்கின் வெளிச்சத்துக்கு மேலே இருக்கும். மோதினால் கால்கள்தான் இடிபடும், உடல் கண்ணாடியோடு உள்ளே வரும். ஐந்து மணிக்கு முகாமில் இருங்கள். பின்னால் லொறி வரிசை சேர்ந்தால் பதற்றப்பட்டு வேகம் கூட்ட வேண்டாம், அகலமான இடத்தில் ஒதுங்கி விட்டுவிடுங்கள். மொன்ரியல் ரிவர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். சூ, வாவா, வைட் ரிவர், மரத்தன், எங்கே பெற்றோல் நிலையம் கண்டாலும் பாதிக்குக் கீழ் இருந்தால் நிரப்புங்கள். வாவாவுக்கும் வைட் ரிவருக்கும் இடையே 90 கிலோமீட்டர் காடுதான். தொலைபேசிச் சிக்னல் பல இடத்தில் இல்லை. வரைபடத்தை முன்னரே தரவிறக்கி வையுங்கள், அன்றிரவு எங்கே தங்குவீர்கள் என்பதை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்குமுன் இரண்டு விஷயம். நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் வாடகையில் அடங்கும் என்று கேளுங்கள். நான் சொன்ன வழியே போய்வர 2,200-ஐத் தாண்டும். அப்புறம், 20 அடி வானில் மூன்றாவது படுக்கை எது என்று காட்டச் சொல்லி, அம்மாவை அதில் ஒரு தடவை படுத்து எழும்பச் சொல்லுங்கள். ஏணி வைத்து ஏறும் படுக்கை என்றால் அந்த வான் உங்களுக்குச் சரிவராது; 24 அடி 'சி வகுப்பு' வண்டியை (லொறிச் சட்டத்தின் மேல் வீடு போலக் கட்டியது) பாருங்கள், முகாம் இடத்தையும் அந்த நீளத்துக்கே பதிவு செய்யுங்கள்.