பெருகும் நகரமும் ஓயாத கலகமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ‘ரோம்: டோட்டல் வார்’ என்ற கணினி உத்தி விளையாட்டை ஒரு மோடுடன் (ரசிகர்கள் மூல விளையாட்டை மாற்றியமைத்த வடிவம்) ஆடிவருகிறேன். அலெக்சாண்ட்ரியாவின் மக்கள்தொகை 24,000-ஐத் தாண்டியதிலிருந்து கலகம் ஓயவில்லை. வரியைக் குறைத்தால் சில டர்ன்கள் (ஆட்டச் சுற்றுகள்) அமைதியாக இருக்கிறது. பிறகு நிலைமை முன்பைவிட மோசமாகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இது உங்கள் மோடில் உள்ள கோளாறு அல்ல, 2004-இல் வெளிவந்த மூல விளையாட்டின் கணக்கே இப்படித்தான் அமைந்திருக்கிறது. மக்கள்தொகை ஒவ்வொரு டர்னிலும் ஒரு விகிதப்படி, வட்டிக்கு வட்டியாக ஏறுகிறது. விகிதம் 3 சதவீதமானால் ஏறக்குறைய 24 டர்ன்களில் நகரம் இரட்டிப்பாகும். 1 சதவீதமானால் அதற்கு 70 டர்ன்கள் பிடிக்கும். மண்வளம், விளைநிலக் கட்டடங்கள், தானிய வணிகம், குறைந்த வரி ஆகியவை இந்த விகிதத்தை உயர்த்துகின்றன. நெரிசலால் உண்டாகும் ஸ்குவாலர் எனும் சுகாதாரக் கேடு அதைக் குறைக்கிறது, கூடவே பொது அமைதியையும் கெடுக்கிறது. விகிதத்தை உயர்த்துபவையும் ஸ்குவாலரும் சமமாகும் இடத்தில் வளர்ச்சி நின்றுவிடும். ஆனால் நைல் நதிக்கரை போன்ற வளமான மண்ணில், அமைதி முழுவதும் குலைந்த பிறகுதான் அந்த இடம் வருகிறது.

வரியைக் குறைப்பது ஏன் நிலைமையை மோசமாக்குகிறது என்பது இதிலிருந்தே விளங்கும். அது அன்றைய கோபத்தைத் தணித்தாலும் வளர்ச்சியைத் தூண்டிவிடுகிறது. பெரிய நகரத்தில் வரியை உயர்த்தி வைத்து, அமைதிக்குக் காவற்படையை நம்புவதே சரி. காவற்படையின் பலன், வீரர்களின் தொகைக்கும் மக்கள்தொகைக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது என்பதால், விலையுயர்ந்த வீரர்களை நிறுத்திப் பயனில்லை. ஆள் கணக்கு அதிகமுள்ள மலிவான படைகளே போதும்.

படைக்கு ஆள் எடுத்தால் அத்தனை பேர் நகரத்திலிருந்து குறைவார்கள் என்பதும், அந்தப் படையை வேறொரு நகரத்தில் கலைத்தால் அவர்கள் அங்கே குடியேறுவார்கள் என்பதும் பலரும் அறிந்த வழி. விளையாட்டின் அமைப்புகளில் படை அளவை உச்சத்தில் வைத்து ஆடினால், மூல விளையாட்டின் குடியானவர் படை ஒன்றில் 240 பேர் இருப்பார்கள். 24,000 பேர் வாழும் நகரம் 1.5 சதவீதம் வளர்ந்தால் ஒரு டர்னில் 360 பேர் கூடுவார்கள். டர்னுக்கு ஒரு படை எடுத்தாலும் 120 பேர் மிஞ்சுவார்கள். ஆகவே வளர்ச்சி 1 சதவீதத்துக்குள் இருக்கும்போதுதான் இந்த வழி முழுமையாகப் பலிக்கும். ஆயினும் இதை நான் மிகவும் விரும்புகிறேன். சீசர் ரோம் நகரத்துக் குடிமக்கள் 80,000 பேரைக் கடல் கடந்த குடியேற்றங்களுக்கு அனுப்பினார் என்று பண்டைய ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். விளையாட்டில் மக்கள் குறைந்த எல்லை நகரங்களுக்கு நாம் செய்வதும் ஏறக்குறைய அதுவே.

நிலையான தீர்வு விளைநிலங்களில் இருக்கிறது. கட்டிய விளைநிலத்தை இடிக்க முடியாது என்பதால், வளமான பகுதிகளில் அடுத்த நிலைக்கு உயர்த்துமுன் நன்றாக யோசியுங்கள். மூல விளையாட்டில் நகரத்தின் கடைசிப் படிநிலை 24,000-இல் வந்துவிடுகிறது; அதற்கு மேல் எத்தனை பேர் வந்தாலும் புதிய கட்டடம் எதுவும் திறக்காது. கழிவுநீர்க் கால்வாய் வளர்ச்சியை ஓரளவு கூட்டினாலும் அதைத் தவிர்க்க வேண்டாம். அது அமைதிக்கும் உதவுகிறது, கொள்ளைநோய் அபாயத்தையும் குறைக்கிறது.

கேள்வி: ஆண்டுக்கு நான்கு டர்ன்கள் கொண்ட மோடில் நகரங்கள் வரலாற்றுக்குப் பொருந்தாத வேகத்தில் வளர்கின்றன. கோப்புகளில் எதை மாற்றுவது?

பதில்: மூல விளையாட்டில் ஆண்டுக்கு இரண்டு டர்ன்கள், ‘யூரோப்பா பார்பரோரம்’ போன்ற மோடுகளில் நான்கு. டர்னுக்கு 3 சதவீதம் என்பதை அப்படியே விட்டால், 12 ஆண்டுகளில் இரட்டிப்பாக வேண்டிய நகரம் 6 ஆண்டுகளிலேயே இரட்டிப்பாகிவிடும். எனவே விகிதத்தைப் பாதியாக்குவதே நியாயம். மோட் செய்வோர் இ.டி.பி. என்றழைக்கும் கட்டடக் கோப்பில், கட்டடங்கள் தரும் ‘பாப்புலேஷன் குரோத் போனஸ்’ (மக்கள்தொகை வளர்ச்சிக்கான கூடுதல்) எண்களை முதலில் குறையுங்கள். அங்கே எண் 1 என்பது அரை சதவீதம். அது போதாவிட்டால், பிரதேசங்களை விவரிக்கும் கோப்பில் ஒவ்வொரு பிரதேசத்தின் இறுதியிலும் உள்ள மண்வள எண்ணைக் குறைக்கலாம். இதைச் செய்த பிறகு, விளையாட்டு தன் வரைபடத் தகவலைச் சேமித்து வைக்கும் ‘மேப்.ஆர்.டபிள்யூ.எம்.’ கோப்பை நீக்கிவிட்டுப் புதிய ஆட்டத்தைத் தொடங்கினால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். கோப்புகளின் நகலை எடுத்து வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

கேள்வி: கலக நகரத்தை வேண்டுமென்றே கைவிட்டு, திரும்பக் கைப்பற்றி மக்களை அழிப்பது நல்ல உத்தி என்கிறார்களே?

பதில்: எனக்கு உடன்பாடில்லை. விளைநிலமும் மண்வளமும் அப்படியே இருக்கும்போது, 6,000 ஆகக் குறைந்த நகரம் 3 சதவீத வளர்ச்சியில் 48 டர்ன்களில் மீண்டும் 24,000 ஆகிவிடும்; அதே தொல்லையை இரண்டாம் முறையும் சந்திப்பீர்கள். எதிரி நகரத்தைக் கைப்பற்றும்போது அடிமைப்படுத்தும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால், மக்களில் பாதிப் பேர் ஆளுநர் இருக்கும் உங்கள் நகரங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுவார்கள். ஆகவே அதற்கு முந்தைய டர்னிலேயே நெரிசலான நகரங்களின் ஆளுநர்களை வெளியே நகர்த்தி, வளர வேண்டிய சிற்றூர்களில் மட்டும் ஆளுநர்களை வைத்திருங்கள்.