ஏற்றம் சரி, இறக்கத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

கேள்வி: மூன்று ஆண்டுகளாகச் சாலை டிரையத்லான்களில் கலந்துகொண்டு வருகிறேன். வரும் ஜூலையில் இத்தாலியின் ஆல்ப்ஸ் பகுதியில் நடக்கும் கிராவல் டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஏரியில் 1.5 கி.மீ. நீச்சல், 1,400 மீட்டர் ஏற்றத்தோடு சரளைப் பாதையில் 45 கி.மீ. சைக்கிள், மலைப்பாதையில் 10 கி.மீ. ஓட்டம். கிளம்பிய இடத்திலேயே வந்து முடியும் சுற்று. நான் இருப்பதோ சமதளம். இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. கால் பலத்தைக் கூட்டினால் போதுமா?

பதில்: கால் பலம் வேண்டும்தான். சாலையில் மூன்று ஆண்டு ஓட்டியவருக்கு நான்கு மாதத்தில் அது வந்துவிடும். ஆனால் உங்கள் கடிதத்தில் ஏற்றம் இருக்கிறது, இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1,400 மீட்டர் ஏறுகிறவர் அத்தனையையும் இறங்கியாக வேண்டும், அதுவும் உருளும் கற்கள் மேல். எனக்குக் கவலை அங்கேதான்.

ஏற்றத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மலையில் சில சமயம் ஒரு மணி நேரம்வரைகூட விடாமல் மிதித்தாக வேண்டும், சமதளத்தில் அந்தப் பழக்கம் வராது. வீட்டில் டிரெய்னர் (சைக்கிளைப் பொருத்தி நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் கருவி) இருந்தால் முன்சக்கரத்தைச் சற்று உயர்த்தி வைத்து, நிமிடத்துக்கு 60, 65 சுற்று வேகத்தில் 20 நிமிடம் இடைவிடாமல் மிதியுங்கள். வாரம் இரண்டு முறை போதும். கியரில் கஞ்சத்தனம் வேண்டாம். முன்னால் 40 பல் என்றால் பின்னால் 42 பல்லாவது இருக்கட்டும்.

இப்போது இறக்கம். கற்கள் சிதறிய ஒரு சரிவு தேடுங்கள், 50 மீட்டர் நீளம் இருந்தாலே போதும். அதே சரிவில் திரும்பத் திரும்ப இறங்குங்கள். பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில், எடை முழுக்கப் பாதங்களில், இடுப்பு இருக்கையை விட்டுச் சற்றுப் பின்னால், முழங்கை மடங்கியபடி. கை ஹேண்டில்பாரின் கீழ் வளைவில் இருக்கட்டும். அங்கிருந்து பிரேக்கை ஒற்றை விரலால் இழுத்தாலே நன்றாகப் பிடிக்கும். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட வேண்டும். சரளையில் வண்டி சாய்ந்திருக்கும்போது முன்பிரேக்கை இறுக்கினால் முன்சக்கரம் வழுக்கி, என்ன நடந்தது என்று புரிவதற்குள் கீழே கிடப்பீர்கள். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கேதான் போகும். அதனால் பயமுறுத்தும் கல்லைப் பார்க்காதீர்கள், வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். இன்னொன்று: பயத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் கால் மணி நேரத்தில் முன்கை கல்லாகிவிடும், அப்புறம் பிரேக் பிடிக்க விரலில் பலம் இருக்காது. பிடி தளர்வாக இருக்கிறதா என்று அடிக்கடி கவனியுங்கள்.

டயர் 45 மி.மீ. அகலத்தில், டியூப்லெஸ்ஸாக இருப்பது நல்லது. உங்கள் எடை 70 கிலோ பக்கம் என்றால் காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐ அளவில் ஆரம்பித்துப் பாருங்கள். சாலை டயர் பழக்கத்தில் கல் மாதிரி காற்றடித்தால் வண்டி ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். பிரேக் பேடு தேய்ந்திருந்தால் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே மாற்றி, பலமுறை பிடித்துப் பழக்கிவிடுங்கள். போட்டிக்கு முதல் நாள் மாட்டிய புதுப் பேடு முழுதாகப் பிடிக்காது.

ஓட்டத்திலும் இறக்கம்தான் தொடையைப் பதம் பார்க்கும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசைக்கு அது கடுமையான வலி. நல்ல செய்தி, சில முறை இறங்கி ஓடிப் பழகினாலே தசை அடுத்த சில வாரங்களுக்குத் தாக்குப்பிடிக்கும். மேம்பாலச் சரிவு, மாடிப்படி எதுவானாலும் சரி. கடைசி இறக்கப் பயிற்சியைப் போட்டிக்குப் பத்து நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

ஏரி நீரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். உயரத்தில் இருக்கும் ஏரிகளில் கோடையிலும் 15 டிகிரி பக்கம் இருப்பது சகஜம். உலக டிரையத்லான் அமைப்பின் விதிப்படி, வயதுப் பிரிவில் போட்டியிடுபவர்களுக்கு நீர் 16 டிகிரிக்குக் கீழே போனால் வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் நீச்சல் உடை) கட்டாயம். உங்கள் போட்டியின் விதியையும் பார்த்துவிடுங்கள். குளிர்நீரில் இறங்கியதும் மூச்சு தானாக வாரிக்கொண்டு வரும். முதல் ஓரிரு நிமிடம்தான் ஆபத்து. தொடக்கத்துக்கு முன்பே நீரில் இறங்கி, முகத்தை நனைத்து, மூச்சை நீளமாக வெளியே விட்டு, அது அடங்கிய பிறகு நீந்துங்கள். வெட்சூட்டைப் போட்டியன்று முதல் முறையாகப் போடவே கூடாது. தோளை இறுக்கும், கழுத்தை அறுக்கும், அதெல்லாம் முன்பே தெரிய வேண்டும்.

ஒரு வாரம் முன்பே போய்ச் சேர முடிந்தால் போங்கள். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. முதல் சில நாள் தூக்கம் கெடும், சின்ன ஏற்றத்திலும் மூச்சு வாங்கும். அந்த நாட்களில் மெதுவாக ஓட்டுங்கள், சைக்கிள் பாதையின் இறக்கங்களை மட்டுமாவது ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறேழு டிகிரி குறையும் என்பதால், நனைந்த உடம்போடு மேலே போகும் உங்களுக்கு மெல்லிய காற்றுத் தடுப்புச் சட்டை ஒன்று பையில் இருக்க வேண்டும்.

சைக்கிளைப் பெட்டியில் கட்டும்போது பின்கியரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் என்ற சின்ன உலோகத் துண்டு வளைந்துவிடலாம். உங்கள் மாடலுக்கான மாற்று ஹேங்கர் ஒன்று கையோடு இருக்கட்டும். காற்று நிரப்பும் சிலிண்டர்களுக்கு விமானத்தில் கட்டுப்பாடு உண்டு, கைப்பம்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் காகித வேலை, இதை இந்த வாரமே தொடங்குங்கள். இத்தாலியில் போட்டி விளையாட்டுகளுக்கு மருத்துவத் தகுதிச் சான்று கேட்பார்கள். எந்தப் படிவத்தில் வேண்டும் என்று அமைப்பாளர்களிடம் எழுதிக் கேளுங்கள். ஷெங்கன் விசாவுக்கு (இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுப்பீர்கள் அல்லவா, சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் போட்டிப் பந்தயமும் மலை மீட்பும் சேராது. இரண்டையும் ஏற்றுக்கொள்வதாகப் பாலிசியில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.