கிராமங்களில் மக்கள் ஏன் இன்னும் சாதி பார்த்தே ஓட்டுப் போடுகிறார்கள்?

நீங்கள் நகரத்தில் வளர்ந்தவர் என்று நினைக்கிறேன். உங்கள் பூத்தில் யார் என்ன சாதி என்று உங்களுக்குத் தெரியாது, யாருக்குப் போட்டீர்கள் என்று ஒருவரும் வந்து கேட்கவும் மாட்டார்கள். எங்களுக்கு அந்த வசதி கிடையாது.

மதுரைக்கு மேற்கே ஒரு கிராமம். இரண்டு பூத். ஒன்றில் ஊர்த்தெருக்காரர்கள் ஓட்டு, இன்னொன்றில் முழுக்க எங்கள் காலனி ஓட்டு. ஒரு சட்டமன்றத் தேர்தலில் எங்கள் பூத்துக்கு நான்தான் ஏஜெண்ட். ஊர்க்கூட்டம் போட்டு, இன்னாருக்குத்தான் என்று முடிவு செய்து, எங்களுக்கும் சொல்லி அனுப்பினார்கள். அந்த வேட்பாளர் அவர்கள் சாதிக்காரர். எதிர்த்து நின்றவரும் அதே சாதிதான். எங்கள் சனம் எதிர்த்து நின்றவருக்குப் போட்டது. அவர் ஒன்றியப் பொறுப்பில் இருந்தபோதுதான் எங்கள் சுடுகாட்டுக்குப் பாதை வந்தது. அதற்கு முன்னால் மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வயல் சேற்றில் இறங்கித்தான் போவோம்.

ஓட்டு எண்ணும்போது பூத் வாரியாகத்தான் எண்ணுகிறார்கள். சாயங்காலத்துக்குள் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஜெயித்தது ஊர்க்கூட்டம் சொன்னவர்தான், ஆனாலும் கோபம் தீரவில்லை. தோட்ட வேலைக்குப் போன எங்கள் பெண்களைத் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவதும் குறைந்தது. என் வயசுகூட இல்லாத ஒருவன் என் அப்பாவைப் பார்த்து, "என்னடா, சாதி பாத்துப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டான். நின்ற இரண்டு பேரும் அவன் சாதி. என் அப்பா எந்தச் சாதியைப் பார்த்துப் போட்டிருக்க முடியும்?

உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்தக் குரல்தான் காதில் கேட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

வாக்குச்சீட்டு இருந்த காலத்தில் பல பெட்டிச் சீட்டுகளைக் கலந்து எண்ண முடிந்தது. இயந்திரம் வந்த பிறகு அது போய்விட்டது. பல பூத்களின் ஓட்டை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையமே 2008இல் முன்மொழிந்தது. 2015இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. நடைமுறைக்கு வரவில்லை. தெருவுக்குத் தெரு சாதி பிரிந்து கிடக்கிற ஊரில் பூத் கணக்கை வெளியே விட்டால் அது சாதிக் கணக்கு இல்லாமல் வேறென்ன?

எங்கள் ஆட்கள் சாதியே பார்ப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. பார்ப்பவர்கள் உண்டு. நம்மில் ஒருவர் போனால் தாலுகா ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள் என்கிற நம்பிக்கையில் போடுகிறார்கள். ஊர்க்கட்டுக்குப் பயந்து போடுவதும் இதுவும் ஒன்று என்று யாராவது வாதாடினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் ஏஜெண்டாக இருந்ததை வைத்து என்னைக் கட்சிக்காரன் என்பார்கள், சொல்லட்டும்.

அப்புறம், வாக்காளரை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? சாதியைச் சொல்லி ஓட்டுக் கேட்பது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடு. வாக்காளரின் சாதியைச் சொல்லிக் கேட்டாலும் அப்படித்தான் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் தொகுதியில் எந்தச் சாதி அதிகம் என்று எண்ணிப் பார்த்து கட்சிகள் சீட்டுக் கொடுப்பதை எந்தச் சட்டமும் தொடுவதில்லை. எங்கள் விரலில் மை வைப்பதற்கு ரொம்ப முன்னாலேயே அது முடிந்துவிடுகிறது.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி எங்களுக்குத் தூரமில்லை. 1996இல் அங்கே ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருஷம் யாரையும் அந்த நாற்காலியில் நிலைக்க விடவில்லை. ஜெயித்தவர்களை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006இல்தான் முறையான தேர்தல் நடந்தது. அதே மாதிரி ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில் தலைவராக ஜெயித்த முருகேசனை 1997 ஜூனில் வெட்டிக் கொன்றார்கள்.

இவ்வளவு உயிரைக் கொடுத்து வாங்கிய உள்ளாட்சித் தேர்தலையாவது நேரத்துக்கு நடத்துகிறார்களா? 2016இல் பதவிக்காலம் முடிந்தது, கிராமங்களுக்கு அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில், அதுவும் 27 மாவட்டங்களுக்கு மட்டும். அதில் ஜெயித்தவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் ஊராட்சிகளை மறுபடி அரசு போட்ட தனி அலுவலர்களிடம் கொடுத்தார்கள். உங்களுக்கு நேரம் இருந்தால் இதைப் பற்றியும் ஒரு கேள்வி போடுங்கள், அதற்கும் பதில் எழுதுகிறேன்.