அரைவாசி விடையும் முழு விடையும்: ஒளி, ஈர்ப்பு குறித்த வாசகர் கேள்விகள்

இம்முறை திருகோணமலையிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பல ஈர்ப்பையும் ஒளியையும் பற்றியவை. உப்புவெளி வாசகர் ஒருவர் கேள்வியோடு நில்லாமல் தமது சொந்தக் கொள்கையையே எட்டுப் பக்கங்களில் எழுதி அனுப்பியிருக்கிறார். அவருக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன். மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: ஒளிக்குத் திணிவு இல்லை என்று பாடசாலையில் படித்தோம். அப்படியானால் சூரியன் அதை எவ்வாறு வளைக்கிறது? வெளி என்பது அடர்த்தி மாறும் ஓர் ஊடகம் என்பதும், சூரியனுக்கு அருகில் அது அடர்ந்திருப்பதால் ஒளி தாமதித்து முறிவடைகிறது என்பதும் என் கருத்து. 2019 இல் தெரிந்த வளையக் கிரகணத்தின்போது இதைச் சோதித்திருக்கலாம் அல்லவா?

பதில்: உங்கள் கருத்தில் மதிக்கத்தக்க பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கடற்கரையில் காலையில் நின்று, உதயசூரியனின் கீழ்விளிம்பு அடிவானத்தைத் தொடுவதாக நாம் காணும் கணத்தில், உண்மையான சூரியன் ஏறத்தாழ முழுவதுமே அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது. வளிமண்டலம் அதன் ஒளியைச் சுமார் 34 கலை (ஒரு பாகையில் 60 கலைகள்) அளவுக்கு வளைத்து மேலே தூக்கிக் காட்டுகிறது. சூரியனைச் சூழ்ந்த வெளியையும் இவ்வாறே முறிவுச் சுட்டி மாறும் ஓர் ஊடகமாகப் பாவித்துக் கணக்கிட்டால், ஐன்ஸ்ரைனின் பொதுச் சார்புக் கொள்கை தரும் வளைவையே பெறலாம். தாமதமும் கற்பனையன்று. 1964 இல் ஷாப்பிரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் முன்மொழிந்த சோதனையின்படி, சூரியனுக்கு அருகால் சென்று கோள்களில் பட்டுத் திரும்பிய றேடார் அலைகள் ஏறத்தாழ இருநூறு மைக்ரோசெக்கன் வரை பிந்தி வந்து சேர்ந்தன.

ஆனால் அந்த ஊடகம் உண்மையான பொருளாக இருக்குமானால் நிறங்களைப் பிரித்திருக்க வேண்டும். வளிமண்டலம் நீல ஒளியைச் சிவப்பைவிடச் சற்றுக் கூடுதலாக வளைப்பதால்தான் உதயசூரியனின் மேல்விளிம்பில் சில வேளைகளில் பச்சை நிறம் மின்னி மறைகிறது. ஈர்ப்போ நிறம் பார்ப்பதில்லை. கண்ணுக்குப் புலப்படும் ஒளியும் வானொலி அலையும் அதனால் ஒரே அளவுக்கே வளைகின்றன. சூரியனைச் சுற்றியுள்ள மின்னேற்றத் துணிக்கைகள் வானொலி அலையைத் தாமும் வளைப்பது உண்மைதான்; அந்த வளைவு மீடிறனுக்கேற்ப மாறுவதால் ஆய்வாளர்கள் அதைத் தனியே பிரித்துக் கழித்துவிடுகிறார்கள்.

உங்கள் எட்டுப் பக்கங்களிலும் நான் தேடிக் காணாதது ஓர் எண். சூரியனின் விளிம்பை உரசிச் செல்லும் ஒளி எத்தனை விகலை வளையும்? (ஒரு பாகையில் 3600 விகலைகள்.) ஒளியை நியூற்றனின் விதிப்படி விழும் துணிக்கையாகக் கொண்டால் 0.87 விகலை கிடைக்கும். அதற்கு மிக அண்மித்த விடையைச் சோல்ட்னர் என்ற ஜெர்மானியர் 1801 இலேயே கணித்திருந்தார். விழும் பொருளின் ஆர்முடுகல் அதன் திணிவில் தங்கியிருப்பதில்லை என்பதால், திணிவு இல்லை என்ற உங்கள் தடை அவருக்கே தடையாக இருக்கவில்லை. 1911 இல் ஐன்ஸ்ரைனும் இந்த அரைவாசி விடையைத்தான் பெற்றார். அதைச் சரிபார்க்க 1914 இல் அன்றைய ரஷ்யாவின் கிரைமியாவுக்குப் போன ஜெர்மானியக் குழுவினர், உலகப் போர் மூண்டதால் கிரகணத்துக்கு முன்பே தடுத்து வைக்கப்பட்டார்கள். அவர்கள் அளந்திருந்தால் கணிப்புப் பிழை என்ற செய்திதான் வந்திருக்கும். போர் ஐன்ஸ்ரைனுக்குச் செய்த ஒரே உதவி அது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நேரம் மட்டுமல்ல, வெளியும் வளைகிறது என்பதைச் சேர்த்தபோது 1915 இல் விடை 1.75 விகலையாக இருமடங்கானது. 1919 மே 29 இல் முழுக் கிரகணத்தின்போது ஆபிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பிரின்சிப்பே தீவிலும் பிரேசிலின் சோப்ராலிலும் எடுக்கப்பட்ட, சூரியனருகே தெரிந்த நட்சத்திரங்களின் படங்கள் அந்த இருமடங்கின் பக்கமே சாய்ந்தன. உங்கள் ஊடகம் 1.75 ஐத் தருமா, 0.87 ஐத் தருமா என்பதைக் கணித்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

வளையக் கிரகணம் இதற்கு உதவாது. எஞ்சி நிற்கும் ஒளிவளையத்தின் பிரகாசமே அருகிலுள்ள நட்சத்திரங்களை மறைத்துவிடும். முழுக் கிரகணம் வேண்டும்.

கேள்வி: சூரியன் திடீரென மறைந்துபோனால் பூமி உடனே விலகிப் பறந்துவிடுமா? (மூதூர் மாணவி)

பதில்: இல்லை. இருள் சூழும் அதே வேளையில், அதாவது ஏறத்தாழ 8 நிமிடம் 20 செக்கன் கழித்தே விலகும். ஈர்ப்பில் ஏற்படும் மாற்றமும் ஒளியின் வேகத்திலேயே பரவுகிறது. 2017 ஆகஸ்ட் 17 இல் பதிவான இரு நியூத்திரன் விண்மீன்களின் மோதலில், சுமார் 13 கோடி ஒளியாண்டுகள் பயணம் செய்த ஈர்ப்பு அலைக்கும் காமாக் கதிருக்கும் இடையில் இருந்த வேறுபாடு 1.7 செக்கன் மட்டுமே.

கேள்வி: கோணேசர் கோயில் மலையுச்சியில் உள்ள கடிகாரம் கீழே கரையிலுள்ளதைவிட வேகமாக ஓடும் என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: நம்பலாம். உயர வேறுபாட்டை 100 மீற்றர் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்களவு மேலே முந்தும். இது ஏட்டுக்கணக்கு மட்டுமன்று: 33 சென்ரிமீற்றர் உயர வேறுபாட்டிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் 2010 இல் இதை அளந்துவிட்டார்கள். நம் மீனவர்கள் பலநாள் படகுகளில் வைத்திருக்கும் ஜிபிஎஸ் கருவியும் இதை நம்பியே இயங்குகிறது. செய்மதிக் கடிகாரம் உயரத்தால் நாளொன்றுக்கு 45 மைக்ரோசெக்கன் முந்துகிறது, வேகத்தால் 7 பிந்துகிறது. மீதி 38 ஐத் திருத்தாது விட்டால், ஒளி அந்நேரத்தில் 11 கிலோமீற்றர் கடந்துவிடும் என்பதால், வலை போட்ட இடத்தை மறுநாள் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: இலங்கைக்குத் தெற்கே கடல் நூறு மீற்றர் பள்ளமாக இருக்கிறதாம். கப்பல்கள் அதற்குள் சறுக்காதா? நீர் ஏன் ஓடி நிரப்புவதில்லை?

பதில்: பள்ளம் உண்மை. சீரான நீள்கோளமாகக் கற்பனை செய்த பூமியோடு ஒப்பிட்டால், அங்கே கடல்மட்டம் சுமார் 106 மீற்றர் தாழ்ந்துள்ளது. அப்பகுதியின் கீழுள்ள பொருளின் அடர்த்தி குறைந்து ஈர்ப்பு நலிந்திருப்பதே காரணம். அதன் விளிம்பில் நாமும் இருக்கிறோம்: திருத்தம் செய்யப்படாத ஜிபிஎஸ் உயரம் திருகோணமலைக் கரையில் நிற்பவரைக் கடல்மட்டத்துக்குப் பல பத்து மீற்றர் கீழே காட்டும். நீர் ஓடுவதற்கு ஓரிடத்தில் அழுத்தச் சக்தி (ஈர்ப்பில் இருக்கும் நிலையால் வரும் சக்தி) கூடுதலாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் இருக்க வேண்டும். கடல்மட்டமோ எங்கும் ஒரே அழுத்தச் சக்தியுள்ள பரப்பாகவே அமைந்துவிட்டது; தூக்குநூல் எங்கும் அதற்குச் செங்குத்தாகவே தொங்கும். ஆகவே நம் துறைமுகத்திலிருந்து தெற்கே போகும் கப்பல் அப்பள்ளத்தில் இறங்கும்போது ஒரு துளி எரிபொருளையும் மிச்சப்படுத்துவதில்லை, ஏறும்போது கூடுதலாகச் செலவிடுவதுமில்லை.