'இன்ஃபன்டைல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தது?

வளர்ந்த ஒருவர் கைக்குழந்தை மாதிரி நடந்துகொண்டால் அதை 'இன்ஃபன்டைல்' என்பார்கள். கேரம் ஆட்டத்தில் தோற்றதும் காய்களைக் கலைத்துவிட்டு எழுந்து போகிற மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பாரே, அந்த ரகம்.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'இன்' என்றால் இல்லாத, 'ஃபான்ஸ்' என்றால் பேசுகிற. ஆக 'இன்ஃபான்ஸ்' என்பது இன்னும் பேச்சு வராத பிள்ளை. பிரெஞ்சுக்குப் போய் அது 'ஆன்ஃபான்' ஆனது. மொரீஷியஸில் இருக்கும் நமக்கு இது தினமும் வாயில் புழங்கும் சொல்தான். கிரியோலில் பிள்ளையை 'ஜான்ஃபான்' என்கிறோம் அல்லவா, அதேதான்! பிரெஞ்சுப் பன்மையில் 'லே ஜான்ஃபான்' என்று சேர்த்து உச்சரிக்கும்போது நடுவில் எழும் ஒலியையும் கிரியோல் சொல்லோடு ஒட்டி எடுத்துக்கொண்டது. அப்புறம், காலாட்படையைக் குறிக்கும் 'இன்ஃபன்ட்ரி'யும் இதே குடும்பம். குதிரைப்படைக்கு அனுபவம் போதாத இளசுகள் நடந்து போன படை அது.

தமிழிலும் பேச்சை வைத்துத்தான் 'மழலை' என்கிறோம். ரோமானியர்கள் பேச்சு வராததைப் பார்த்தார்கள், நாம் தத்தித் தத்தி வருவதை ரசித்தோம். எனக்கு நம்முடையதுதான் பிடித்திருக்கிறது.

பலர் நினைப்பதுபோல 'இன்ஃபன்டைல்' என்பது 'குழந்தை உள்ளம் கொண்டவர்' என்ற பாராட்டு அல்ல. அதற்கு 'சைல்ட்லைக்' என்ற வேறு சொல் இருக்கிறது, பெரியவர்களைப் பார்த்து 'இன்ஃபன்டைல்' என்றால் திட்டுதான்.