கிளுவைக் குச்சி ஏன் அழுகியது?

கேள்வி: வேடசந்தூர் பக்கம் மூன்று ஏக்கரில் முருங்கையும் நிலக்கடலையும் வைத்திருக்கிறேன். ஆடுகள் உள்ளே புகுந்து மேய்ந்துவிடுகின்றன. கம்பி வேலி போட வசதியில்லை. அதனால் உயிர்வேலிக்காக, குச்சி நட்டாலே வளரும் முள்மரமான கிளுவையில் ஒரு டிராக்டர் குச்சியை ஐப்பசி மழையில் மூலனூரிலிருந்து இறக்கி, ரோட்டோரமும் தெற்கு எல்லையிலும் ஆள் விட்டு 600 குச்சி நட்டேன். முதலில் துளிர்த்தது. இப்போது பாதிக்கு மேல் அடி அழுகிச் சாய்கிறது. பூஞ்சாணக் கொல்லியும், வேர் விட வைக்கிற வேர்ப்பொடியும் கலந்து ஊற்றச் சொல்கிறார் உரக்கடைக்காரர். ஊற்றலாமா? மீதி வேகமாக வளர யூரியா போடலாமா?

பதில்: மருந்து, பொடி இரண்டுமே வேண்டாம். அழுகிய குச்சியைப் பிழைக்க வைக்கும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. கிளுவை வேர்ப்பொடி கேட்கிற மரமும் இல்லை. நேரம் பார்த்து வெட்டி நட்டால் தானே வேர் பிடிக்கும். வேலியை வந்து பார்க்காமல் அலமாரியைப் பார்த்து வைத்தியம் சொல்கிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஐப்பசியில் குச்சி வெட்டி விற்ற வியாபாரி மீதும் எனக்குக் கோபம்தான். கிளுவை எப்போது வெட்ட வேண்டும் என்பது அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியாத விஷயமில்லை.

ஐப்பசியில் கிளுவை இலையோடு நிற்கும். தண்டிலிருந்த சத்தில் பெரும்பகுதி இலைக்குப் போயிருக்கும். அப்போது வெட்டி, வெட்டுவாய் காயாமல் சேற்றில் செருகினால், தண்டில் மிச்சமிருக்கிற சத்தில் நாலு துளிர் வரும், வேர் வராது. துளிரைப் பார்த்து பிழைத்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள்.

மாசி, பங்குனியில் இலை கொட்டி மொட்டையாக நிற்கும்போதுதான் வெட்ட வேண்டும். கட்டைவிரல் கனத்துக்குக் குறையாமல், நாலரை அடி நீளம். ஒரு வாரம் நிழலில் கிடந்து வெட்டுவாய் காயட்டும். அப்புறம் ஒரு அடி ஆழத்தில், முக்கால் அடிக்கு ஒன்றாக நட்டு, அடிமண்ணை நன்றாக மிதித்துவிடுங்கள். மண் காய்ந்திருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். தண்டிலேயே ஈரம் இருக்கிறது, கோடை மழை வரை தாங்கும். தண்ணீர் தேங்கினால்தான் கிளுவைக்கு ஆபத்து.

இன்னொன்று. ஒப்பந்தத்துக்கு ஆள் விட்டு நட்டால் சில குச்சிகள் தலைகீழாக நடப்பட்டிருக்கும். மொட்டைக் குச்சியில் அடி எது, நுனி எது என்று அவசரத்தில் பார்க்க மாட்டார்கள். பக்கக்கிளையும் முள்ளும் வானத்தைப் பார்க்க வேண்டும். வெட்டும்போதே அடியைச் சரிவாகவும் நுனியை மட்டமாகவும் வெட்டச் சொல்லுங்கள், இந்தத் தொல்லை இருக்காது.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. ஆடு எந்த வழியாக வருகிறது? வேலியின் மேல் ஏறி வருவதில்லை, அடியில் முழங்கால் உயரத்துக்குள் இருக்கிற சந்தில் தலையை நுழைத்துத்தான் வருகிறது. 600 குச்சியும் பிழைத்து ஆள் உயரம் வளர்ந்திருந்தாலும் இந்தச் சந்து அப்படியேதான் இருக்கும். குச்சிகளை நேராக நிறுத்தாமல், ஒன்றை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் சாய்த்து, பெருக்கல் குறி போல ஒன்றன்மேல் ஒன்று படும்படி நடுங்கள்.

அதைவிட முக்கியம், வெட்டு. நல்ல வேலியை உண்டாக்குவது அரிவாள்தான், உரமில்லை. நம் ஆட்கள் துளிர்த்து வருவதை வெட்ட மனசு வராமல் விட்டுவிடுகிறார்கள். நாலைந்து வருஷத்தில் மேலே குடை, கீழே வெறும் கால்கள். அப்புறம் அந்தச் சந்துகளில் முள்ளை அடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். புதுக்கிளை ஒரு கை நீளம் வந்ததும் பாதியை வெட்டுங்கள். வெட்டின இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று கிளை வரும். அவை வளர்ந்ததும் அதேபோல வெட்டுங்கள். மேலே மட்டும் மொட்டையடித்தால் போதாது, இரண்டு பக்கமும் கழிக்க வேண்டும். அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் இருந்தால்தான் கீழ்க்கிளைக்கு வெயில் படும். வெயில் படாத கிளை காய்ந்துவிடும், அது காய்ந்த இடம்தான் ஆட்டுக்கு வழி. புரட்டாசியில் மழைக்கு முன் ஒரு வெட்டு, தை கடைசியில் ஒரு வெட்டு. முதல் மூன்று வருஷம் இதை விடாமல் செய்தால் போதும், அப்புறம் வேலை குறைந்துவிடும். கழித்த தழையையும் வீணாக்க வேண்டாம், ஆடு நன்றாகத் தின்னும்.

யூரியா இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்யும். கிளை கனம் பிடிக்காமல் மேலே ஓடும், அடி வெறுமையாகும். போடவே போடாதீர்கள்.

இளந்துளிரை ஆடு விடாது என்பதால் முதல் வருஷம் வெளிப்பக்கம் காய்ந்த முள் அடைக்க வேண்டும். சீமைக்கருவேல முள் என்றால் நெற்று இல்லாத கிளையாகப் பாருங்கள். நெற்றைத் தின்ற ஆடு புழுக்கை போடுகிற இடமெல்லாம் அது முளைக்கும். தெற்கு எல்லையை நாலரை அடிக்கு மேல் விடாதீர்கள். ஐப்பசி முதல் தை வரை சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வேலி நிழல் கடலைமேல் விழும்.

இப்போது செய்ய வேண்டியது: ஒவ்வொரு குச்சியையும் தரையை ஒட்டி நகத்தால் கீறிப் பாருங்கள். தோலுக்கடியில் பச்சையாக இருந்து பிசின் வாசம் வந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பேறி, அமுக்கினால் நீர் கசிந்து நாறினால் பிடுங்கி வெளியே போடுங்கள். மண் ஆறட்டும். பங்குனிக்குக் குச்சி சொல்லும்போது தேவைக்கு மேல் 50 சேர்த்து வாங்கி, கிணற்று மேட்டோரமாக நட்டு வையுங்கள். அங்கே வேர் பிடித்த குச்சியை அடுத்த மாசியிலேயே மண்ணோடு எடுத்து, வேலியில் சந்து விழுந்த இடத்தில் நட்டுவிட வேண்டும். இரண்டு வருஷம் தள்ளினால் இருபக்கத்துச் செடியின் நிழலில் அது எழும்பாது.