மூன்று ரூபாயும் வீட்டுச் சாவியும்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 42. தளவாட நிறுவனத்தில் வேலை. மூன்று முறை விண்ணப்பித்து, நாலு வருடம் காத்திருந்து, சிங்கப்பூர் பொங்கோலில் பிடிஓ வீடு (விண்ணப்பித்த பிறகு கட்டித் தரும் அரசு அடுக்குமாடி வீடு) கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சாவி. ஆனால் மனம் ஒட்டவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போய்விடலாம் போலிருக்கிறது. நண்பரிடம் சொன்னேன். "வீடு வேணுங்கறதும் ஆசை, முக்தி வேணுங்கறதும் ஆசை, என்ன வித்தியாசம் லா?" என்று சிரித்தார். எனக்குப் பதில் வரவில்லை.

செ.

அன்புள்ள செ.,

உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. வள்ளுவரே அந்தச் சொல்லைக் கண்டு ஓடவில்லை. "வேண்டுங்கால் வேண்டும் பிறவாமை மற்றது வேண்டாமை வேண்ட வரும்." ஏழு சீரில் நான்கு 'வேண்டு'! ஆகவே முக்தியும் ஆசைதான் என்று ஒப்புக்கொண்டுவிடுவோம். வேண்டியவன் பிறகு என்ன ஆனான் என்று பார்க்கலாம்.

எங்கள் வீட்டுச் சாவியை வாங்கிய அன்று மாலை, காலி வீட்டில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தேன். சிமெண்ட் வாசனை. இதற்காகவா இத்தனை வருடம் என்று ஒரு வெறுமை. ரிஷிகேஷ் போக டிக்கெட் விலைகூடப் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை சமையலறைக்கு எந்த டைல்ஸ் என்று மனைவியோடு சண்டை. வெறுமை போன இடம் தெரியவில்லை. நான் அதே ஆள்தான். வீடு போய் ரிஷிகேஷ், ரிஷிகேஷ் போய் டைல்ஸ். (இத்தனைக்கும் அது 99 வருடக் குத்தகை.)

1896 ஆகஸ்டில் மதுரையை விட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பிய பதினாறு வயதுப் பையனை நினைத்துக்கொள்கிறேன். பின்னாளில் ரமணர். அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்கான (அன்று கட்டணத்தை அப்படித்தான் சொல்வார்கள்) ஐந்து ரூபாயில், ரயிலுக்கென்று மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போனார். அந்தச் சீட்டு 'நான்' என்று தொடங்குகிறது. அடுத்த வாக்கியத்திலேயே 'நான்' போய் 'இது' ஆகிவிடுகிறது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. உங்கள் நண்பருக்கு அந்தக் கோட்டைக் காட்டுங்கள்.

எனக்கு அதில் இன்னும் பிடித்தது வேறு. அந்த நிலையிலும், உன் சம்பளம் இன்னும் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்று அண்ணனுக்குக் கணக்குச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

உங்களுடையது எது என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. அலுப்பாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். நாலு வருடம் எதிர்பார்த்தது கைக்கு வரும்போது கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். சாவியை வாங்குங்கள். டைல்ஸ், ஏர்கான் எல்லாம் முடிந்து, தாளிக்கிற வாசனை சுவரில் ஏறிய பிறகும் மலை கூப்பிட்டால் எழுதுங்கள், பேசுவோம்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் உங்கள் மனைவியின் பெயரும் இருக்குமே? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. திருவண்ணாமலை விஷயம் அவருக்குத் தெரியுமா?